சிறு பார்சலும் சிறு வியாபாரியும்



வெளிநாட்டுத் தபால், சுங்கத் தீர்வை, அமெரிக்க உத்தரவு என்று பேச்சை எடுத்தாலே, "அதெல்லாம் ஏற்றுமதிக்காரர்கள் சமாச்சாரம், மளிகைக் கடைக்காரனுக்கு அதில் என்ன வேலை?" என்று நம்மவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். 2025-ஆம் ஆண்டு ஆவணி மாதம் வரை நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அந்த மாதத்தில் நம் கடைக்கே வந்து நின்ற ஒரு சங்கதி நம் எண்ணத்தை மாற்றியது. அதைச் சொல்லிவிட்டு, நம் சங்கம் செய்ய வேண்டியது என்ன, நாம் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது என்ன என்று இரண்டு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

நம்மிடம் இருபது ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். பூஜைச் சாமான், அப்பளம், வற்றல், வடகம் வியாபாரம். ஆடி பிறந்துவிட்டால் கொலு பொம்மையும் வைப்பார். காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைப் பக்கத்து விளாச்சேரி என்று பொம்மை செய்கிற ஊர்களுக்கு நேரில் போய்ப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வருவார். அவர் கடையில் வாங்கிப் பழகிய ஒரு குடும்பத்துப் பெண் கல்யாணமாகி அமெரிக்கா போனார். ஆண்டுக்கு ஒரு செட் பொம்மை சேர்ப்பது அந்த அம்மாளுக்கு வழக்கம். ஒரு வருடம் தசாவதாரம், ஒரு வருடம் கல்யாணக் கோலம், ஒரு வருடம் செட்டியார் கடை என்று சேர்ந்துகொண்டே வந்தது. இதைப் பொழுதுபோக்கு என்றும் சொல்லலாம், பக்தி என்றும் சொல்லலாம். அந்த அம்மாளைப் பார்த்து அக்கம்பக்கத்தில் ஆறேழு வீட்டுக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பொம்மையோடு அப்பளமும் வடகமும் கேட்டார்கள்.

இப்படியாக நம் கடைக்காரருக்கு ஆண்டுக்கு ஏழெட்டு பார்சல் அமெரிக்காவுக்குப் போகும் வியாபாரம் ஒன்று தானாக வளர்ந்தது. அவர் விளம்பரம் செய்யவில்லை, ஏஜெண்டு வைக்கவில்லை. முன்பணம் வரும், சரக்கைக் கட்டுவார், தபால் ஆபீசில் புக்கிங் செய்வார், ரசீதை போனில் படம் எடுத்து அனுப்புவார். ஒரு பார்சல் ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய் பெறும். பெரிய கம்பெனிக்கு இது ஒரு கணக்கே அல்ல. ஆனால் சிறு கடையில் புரட்டாசி மாதத்து வாடகையும் வேலையாள் சம்பளமும் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

2025-ல் நவராத்திரி செப்டம்பர் 22-ஆம் தேதி தொடங்கியது. அதற்கு முன் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்று ஆகஸ்டு நடுவிலேயே நான்கு பார்சல்களை அனுப்பிவிட்டார். மீதியைக் கட்டி வைத்திருந்தார். அதற்கான அப்பளமும் வடகமும் நம்மிடம்தான் கடனுக்கு எடுத்தார். அயல்நாட்டுக்குப் போகிறது என்று அரைக்கிலோ, கால்கிலோ பொட்டலங்களாகத் தனியே போடச் சொல்லி வாங்கினார். அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பது நின்றது.

என்ன நடந்தது என்பதைத் தேதி வாரியாகச் சொன்னால்தான் விளங்கும்.

அமெரிக்காவுக்குள் வரும் சிறு பார்சல்களுக்குச் சுங்கத் தீர்வை இல்லை என்ற சலுகை அந்நாட்டுச் சட்டத்தில் நெடுங்காலமாக இருந்து வந்தது. ஒருவர் பெயருக்கு ஒரு நாளில் வரும் சரக்கின் மதிப்பு 200 டாலருக்குள் இருந்தால் தீர்வை கிடையாது. 2016-ல் இந்த வரம்பை 800 டாலராக உயர்த்தினார்கள். அதன் பிறகு சீனாவிலிருந்து மலிவுத் துணிமணியும் சாமான்களும் கோடிக்கணக்கான பொட்டலங்களாக வாங்குவோர் வீட்டு வாசலுக்கே நேரடியாக வந்து குவிந்தன. கடை வைத்து வாடகையும் வரியும் கட்டும் அந்நாட்டு வியாபாரிகள் முறையிட்டார்கள். 2025 மே 2 முதல் சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் இந்தச் சலுகை போயிற்று. ஜூலை 30-ஆம் தேதி ஜனாதிபதி டிரம்ப் பிறப்பித்த உத்தரவின்படி ஆகஸ்டு 29 முதல் உலக நாடுகள் அனைத்துக்கும் போயிற்று. 100 டாலருக்கு உட்பட்ட உண்மையான பரிசுப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு என்றார்கள்.

தீர்வை போடுவது அந்நாட்டின் உரிமை. அதில் நாம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தீர்வையை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பதற்குத் தெளிவான வழியை முன்கூட்டியே சொல்லவில்லை. தபாலைச் சுமந்து செல்லும் விமானக் கம்பெனிகள் அல்லது அமெரிக்கச் சுங்கத் துறை அங்கீகரித்தவர்கள்தான் வசூலித்துக் கட்ட வேண்டும் என்றார்கள். வழிமுறை வெளிவந்தது ஆகஸ்டு 15-ல். இரண்டு வாரத்தில் ஒரு நாட்டின் தபால் துறை இதற்கெல்லாம் ஏற்பாடு செய்துவிட முடியுமா? விமானக் கம்பெனிகள் ஆகஸ்டு 25-க்குப் பிறகு தபால் சரக்கை ஏற்றமாட்டோம் என்று கைவிரித்துவிட்டன. நம் அஞ்சல் துறை ஆகஸ்டு 23-ல் அறிவிப்பு வெளியிட்டு, 25 முதல் அமெரிக்கப் பார்சல்களை நிறுத்தியது. கடிதமும் 100 டாலருக்கு உட்பட்ட பரிசும் மட்டும் போகும் என்றார்கள். மாத இறுதியில் அதையும் நிறுத்தினார்கள்.

நம் நாட்டுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல இது. 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஏற்பட்ட அகிலத் தபால் ஒன்றியத்தில் இந்தியா 1876 முதல் உறுப்பு நாடாக இருக்கிறது. எந்த நாட்டுத் தபாலும் எந்த நாட்டுக்கும் தடையின்றிப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்ட அமைப்பு அது. 88 தபால் நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான சேவையை முழுமையாகவோ பகுதியாகவோ நிறுத்தியதாகவும், ஆகஸ்டு 29 அன்று அமெரிக்காவுக்குச் சென்ற தபால் அதற்கு ஒரு வாரம் முன்பு இருந்ததைவிட 81 சதவீதம் குறைந்துபோனதாகவும் அந்த ஒன்றியமே செப்டம்பரில் அறிவித்தது.

நம் நாட்டிலிருந்து மறுபடி பார்சல் போகத் தொடங்கியது அக்டோபர் 15-ல். அன்றைய நிலவரப்படி, சரக்கின் மதிப்பில் 50 சதவீதத்தைத் தீர்வையாகப் புக்கிங் செய்யும்போதே இங்கேயே கட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 6,000 ரூபாய் பொம்மைக்கு 3,000 ரூபாய் தீர்வை, தபால் கட்டணம் தனி. கூரியரில் போனால் சரக்குக்கு ஏற்ற அடிப்படைத் தீர்வையும் சேரும், தபாலில் அது இல்லை என்பதை ஒரு சகாயமாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. ஆக, நவராத்திரியும் போயிற்று, தீபாவளிக்கும் ஐந்தே நாள்தான் மிச்சம். சீசன் வியாபாரிக்குச் சீசன் முடிந்த பிறகு கதவு திறந்தால் என்ன பயன்? விகிதம் அடிக்கடி மாறக்கூடியது. ஆகவே இந்தக் கணக்கைப் பழைய கணக்காக மட்டும் எடுத்துக்கொண்டு, அனுப்பும் அன்று நிலவரம் என்ன என்று கேட்டறிந்துகொள்வதே முறை.

நம் கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம். அவர் அனுப்பிய நான்கில் இரண்டு போய்ச் சேர்ந்தன. இரண்டு எங்கோ தங்கி, நவராத்திரி முடிந்து திரும்பி வந்தன. திரும்பி வந்ததில் பாதி பொம்மை உடைந்திருந்தது. தபால் கட்டணத்தைத் திருப்பித் தருவோம் என்று துறை அறிவித்திருந்தது, அது நியாயம். ஆனால் பொம்மைக்காரருக்குக் கொடுத்த பணம்? கட்டிய அட்டைப்பெட்டி, வைக்கோல், கூலி? வாடிக்கையாளரிடம் வாங்கிய முன்பணத்தை ஒரு ரூபாய் குறையாமல் திருப்பி அனுப்பினார் அந்த மனிதர். "பேர் கெட்டுப்போனா அப்புறம் கடை எதுக்கு அண்ணாச்சி?" என்றார்.

பிறகு தயங்கித் தயங்கி நம்மிடம் கேட்டார். தனியே பொட்டலம் போட்டு வாங்கிய அப்பளமும் வடகமும் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன, பாதியையாவது திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று. நம் சிட்டையின் அடியில் அச்சடித்திருக்கிறதே, "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது" என்று! அதை நாம் விரலால் சுட்டிக்காட்டினோம். அவர் மறுவார்த்தை பேசவில்லை. "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு கணக்கு எழுதி முடித்துவிட்டு உட்கார்ந்தபோது மனம் சமாதானமாகவில்லை. அமெரிக்கா உத்தரவு போட்டது. விமானக் கம்பெனி கைவிரித்தது. தபால் துறை நிறுத்தியது. மொத்த வியாபாரியாகிய நாம் சிட்டையைக் காட்டினோம். ஒவ்வொருவரும் தன் சுமையை அடுத்தவன் தலையில் இறக்கி வைத்தோம். இறக்கி வைக்க ஆளில்லாமல் கடைசியில் நின்றவர் அந்தச் சிறு கடைக்காரர். மறுநாள் ஆள் அனுப்பிச் சரக்கை எடுத்துவரச் செய்து, பற்றில் வரவு வைத்தோம். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டியதை ஒரு நாள் கழித்துச் செய்தோம் என்பதே உண்மை.

இனி, நியாயம் பேசுவதானால் இரண்டு பக்கமும் பேச வேண்டும்.

அமெரிக்கக் கடைக்காரர்கள் எதற்காக முறையிட்டார்களோ அதே முறையீட்டை நம் சங்கமும் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. வீட்டிலிருந்தபடியே ஆர்டர் கொடுத்து வாங்கும் வியாபாரம் நம் கடைகளை எப்படிப் பாதித்திருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. நம் நாட்டிலும் வெளிநாட்டிலிருந்து வரும் 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருளுக்குச் சுங்கத் தீர்வை விலக்கு இருந்தது. வெளிநாட்டு விற்பனைக் கம்பெனிகள் சரக்கையெல்லாம் "பரிசு" என்று எழுதி வாடிக்கையாளர் பெயருக்கே அனுப்பின. 2019 டிசம்பரில் மத்திய அரசு அந்தச் சலுகையை நீக்கியது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கை வைத்துக்கொண்டார்கள். வியாபாரிகள் அதை வரவேற்றோம். அப்படியிருக்க, அமெரிக்கா அதையே செய்யும்போது "அநியாயம்" என்று கூப்பாடு போட்டால் நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

ஆனால் அந்தச் சலுகை போனதால் வாடியவர்கள் கம்பெனிக்காரர்கள் மட்டுமல்ல. நம் பஜாரில் எல்லோருக்கும் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தபால்தலை சேகரிப்பார், பழைய பவுண்டன் பேனாக்களைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வார். பேனா முள், ரப்பர் உறை போன்ற சில்லறைச் சாமான்கள் இங்கே கிடைக்காமல் வெளிநாட்டிலிருந்து தருவிப்பார். ஒரு தடவை அவருக்கு வந்த சின்னப் பொட்டலம் வாரக்கணக்கில் எங்கோ தங்கிவிட்டது. கேட்டால் ஓர் இடத்தில் "இன்னும் வரவில்லை" என்றார்கள், இன்னோர் இடத்தில் "சோதனையில் இருக்கிறது" என்றார்கள். கடைசியில் வந்தபோது தீர்வைச் சீட்டு ஒன்றும் சேர்ந்து வந்தது. பணத்தைக் கட்டினார். "கட்ட மாட்டேன்னு சொல்லல. எவ்வளவுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணியிருப்பேனே" என்று நம்மிடம் வருத்தப்பட்டார்.

அந்த ஆசிரியர் சொன்னதிலும் நம் கடைக்காரர் பட்டதிலும் இருப்பது ஒரே குறைதான். வரி கட்டமாட்டேன் என்று இருவருமே சொல்லவில்லை. வரி எவ்வளவு என்று முன்கூட்டித் தெரிய வேண்டும், கட்டிய பிறகு சரக்கு நகர வேண்டும், நகராவிட்டால் யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும் என்கிறார்கள். சரக்கு லாரியில் ஏறும் முன்பே வாடகை எவ்வளவு, இறக்கு கூலி எவ்வளவு என்று பேசித்தானே நாம் அனுப்புகிறோம்? அதே முறையைத்தான் இங்கும் கேட்கிறோம்.

மற்ற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல் 1,000 ஆஸ்திரேலிய டாலருக்கு உட்பட்ட சிறு பார்சல்களுக்கும் வரி விதித்தது. ஆனால் வாசலில் பார்சலைத் தடுத்து வசூலிக்கவில்லை. பெரிய விற்பனையாளரே பில் போடும்போது வசூலித்துக் கட்டும்படி செய்தது. நம் மக்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூர் 2023 ஜனவரி முதல் 400 சிங்கப்பூர் டாலருக்கு உட்பட்ட சரக்குக்கும், மலேசியா 2024 ஜனவரி முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட சரக்குக்கும் இதே வழியில் வரி கொண்டுவந்தன. ஐரோப்பிய நாடுகள் 22 யூரோ வரை இருந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலையில் நீக்கின. ஆக, சிறு பார்சலுக்கு வரி இல்லை என்ற காலம் உலகெங்கும் முடிந்துகொண்டு வருகிறது. அது திரும்பி வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஆனால் மேற்சொன்ன நாடுகள் வரி தொடங்கும் தேதியை நன்கு முன்னதாகச் சொல்லி, ஏற்பாடு செய்துகொள்ள அவகாசம் கொடுத்தன. அவகாசம் இல்லாத இடத்தில்தான் 88 தபால் நிறுவனங்களுக்குச் சேவை முடங்கியது.

இதை வைத்து அரசுக்கும் அஞ்சல் துறைக்கும் நம் சங்கம் விடுக்க வேண்டிய கோரிக்கைகள் சில உண்டு.

முதலாவது, எந்த நாட்டுக்காவது சேவை நிறுத்தப்பட்டால் அன்றே எல்லாத் தபால் அலுவலகக் கவுண்டரிலும் தமிழில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். ஏற்கெனவே புக்கிங் செய்தவர்களுக்குப் போனில் தகவல் தர வேண்டும். ரசீதில் நம் போன் எண் இருக்கிறது. தகவல் அனுப்புவது பெரிய செலவல்ல.

இரண்டாவது, வழியில் தங்கிவிட்ட பார்சலை அனுப்பியவர் உடனே திரும்பப் பெற ஒரு காலக்கெடு வேண்டும். தின்பண்டமும் பண்டிகைப் பொருளும் காத்திருக்காது. கட்டணத்தைத் திருப்பித் தருவதையும் அலையவிடாமல் செய்ய வேண்டும்.

மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து தனிநபர் உபயோகத்துக்கு வரும் சிறு பொருள்களுக்குத் தீர்வை எவ்வளவு என்ற பட்டியலை எல்லோருக்கும் புரியும்படி தபால் அலுவலகத்தில் வைக்க வேண்டும். பரிசு விலக்கு மறுபடி வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அது வந்தால் நம் கடைக்குத்தான் ஆபத்து. ஆனால் தபால்தலையும் பேனா முள்ளும் வாங்குகிற மனிதரை வியாபாரக் கடத்தல்காரரைப் போல வாரக்கணக்கில் காக்க வைப்பது முறையல்ல.

நான்காவது, வெளிநாடுகளோடு வர்த்தக ஒப்பந்தம் பேசும்போது துணி, நகை, இறால் என்று பெரிய ஏற்றுமதிகளை மட்டும் பேசாமல் சிறு பார்சலுக்கும் ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும். விகிதம் எதுவானாலும், மாற்றத்துக்கு முன் சில மாத அவகாசம் என்ற ஒரு நிபந்தனை கிடைத்தால்கூட போதும்.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. நம்மவர்கள் செய்யும் தவறுகளையும் சொல்லத்தான் வேண்டும்.

மதிப்பைக் குறைத்து எழுதுவது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. 6,000 ரூபாய் சரக்கை 900 ரூபாய் என்று சுங்கப் படிவத்தில் எழுதுகிறார்கள். விற்ற சரக்கைப் "பரிசு" என்று எழுதுகிறார்கள். பார்சல் தொலைந்தாலோ உடைந்தாலோ எழுதிய மதிப்புக்கு மேல் நஷ்டஈடு கேட்க நமக்கு வாய் கிடையாது. அங்கே பிடிபட்டால் நம் ஒரு பார்சல் மட்டுமல்ல, நம் ஊர்ப் பெயர் போட்டு வரும் எல்லாப் பார்சலையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். நம் நாட்டில் பரிசு விலக்கு போனதே இந்தப் பொய்யால்தான் என்பதை மறக்கலாகாது.

அடுத்தது, சரக்கின் பெயர். "பூஜைப் பொருள்", "மளிகைச் சாமான்" என்று மொட்டையாக எழுதினால் எந்தச் சுங்க அதிகாரிக்கும் விளங்காது. களிமண் பொம்மைக்கு ஒரு எண், காகிதக்கூழ் பொம்மைக்கு வேறு எண். ஜி.எஸ்.டி. பில்லில் நாம் போடும் எச்.எஸ்.என். எண்ணின் முதல் 6 இலக்கம் உலகத்துக்கே பொது. அப்பளத்துக்கு இங்கே 1905 என்று தொடங்கினால் அமெரிக்காவிலும் அப்படித்தான் தொடங்கும். சிறு கடைகளில் 4 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். வெளிநாட்டுப் பார்சலுக்கு 6 இலக்கமாக எழுதப் பழக வேண்டும். ஒரு தடவை கணக்கரிடம் கேட்டுப் பட்டியல் எழுதிவைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் போதும்.

மூன்றாவது, தின்பண்டம் அனுப்புவோர் கவனத்துக்கு. அமெரிக்காவுக்குப் போகும் உணவுப் பொருளுக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி வந்தது. வீட்டில் தன் கையால் செய்து மகனுக்கோ மகளுக்கோ பரிசாக அனுப்பும் முறுக்கு, சீடைக்கு விலக்கு உண்டு. கடையில் செய்து விற்ற முறுக்குக்கு அந்த விலக்கு இல்லை. ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் விதை, பால் பொருள்கள் விஷயத்தில் மிகவும் கண்டிப்பு. அந்த நாடுகளுக்குப் பால்கோவா அனுப்புமுன் நூறு முறை யோசிக்க வேண்டும். "அனுப்பிப் பார்ப்போம்" என்று வாடிக்கையாளர் பணத்தில் சூதாடக் கூடாது.

நான்காவது, இதை ஒழுங்கான ஏற்றுமதியாகவே செய்ய வழி இருக்கிறது. அஞ்சல் துறை 2022 முதல் "தாக் கர் நிர்யாத் கேந்திரா" என்ற பெயரில் ஏற்றுமதி மையங்களைத் திறந்து, நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களை ஏற்படுத்தியிருக்கிறது. ஏற்றுமதி, இறக்குமதிக் குறியீட்டு எண் ஒன்று வாங்கிக்கொண்டால், சுங்கப் படிவத்தைக் கம்ப்யூட்டரிலேயே நிரப்பலாம். பார்சல் கட்டுவது, முத்திரை ஒட்டுவது வரை அங்கேயே சொல்லித் தருகிறார்கள். பெரிய துறைமுகத்துக்கும் சுங்கத் தரகரிடமும் அலைய வேண்டியதில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லும் மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் கிடைத்தது நல்லது. அந்தப் பெயரை வைத்துச் சிறு வியாபாரி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் சரக்கு அனுப்பும்போதுதான் அந்தப் பெயரால் நமக்கு லாபம்.

ஐந்தாவது, வாடிக்கையாளரிடம் முன்பே பேசிவிடுவது. தீர்வை யார் தலையில், பார்சல் திரும்பி வந்தால் போக்குவரத்துச் செலவு யாருடையது, எத்தனை நாள் காத்திருப்பது என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதிவிட வேண்டும். நவராத்திரிச் சரக்கு ஆனி மாதக் கடைசிக்குள்ளும், தீபாவளிச் சரக்கு ஆவணிக்குள்ளும் கிளம்பிவிட வேண்டும் என்று சங்கமே ஒரு சீசன் காலண்டர் அச்சிட்டுக் கடைக்கடைக்கு ஒட்டலாம். பொம்மை செய்கிறவர்களிடமும் அதற்கேற்ப முன்னதாகவே சொல்லி வைக்கலாம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. நம் சங்கக் கட்டடத்தில் மாதத்தில் இரண்டு நாள், படித்த நம் பிள்ளைகளில் ஒருவரை உட்கார வைத்து, இந்தப் படிவம் நிரப்புவது, எண் கண்டுபிடிப்பது, அன்றைய தீர்வை விகிதம் பார்த்துச் சொல்வது ஆகியவற்றைச் செய்யச் சொல்லலாம். விற்பனை வரி போய் ஜி.எஸ்.டி. வந்த 2017-ல் இப்படித்தானே ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டு கற்றோம்? அப்போது முடியாது என்று பயந்தவர்கள் இன்று தாங்களே கணக்குத் தாக்கல் செய்கிறார்கள்.

கடைசியாக மொத்த வியாபாரிகளாகிய நமக்கு. சில்லறைக் கடைக்காரர் புதிதாக ஒரு வழியில் வியாபாரம் தேடிப் போகிறார் என்றால் அதில் நம் சரக்கும் சேர்ந்துதான் போகிறது. லாபம் வரும்போது பங்கு உண்டு, நஷ்டம் வரும்போது சிட்டையில் அச்சடித்த வரியைப் பார் என்பது வியாபார தர்மம் ஆகாது. அரசு உத்தரவாலோ சேவை நிறுத்தத்தாலோ முடங்கிய, பிரிக்காத பண்டிகைச் சரக்கைக் குறிப்பிட்ட நாளுக்குள் கொண்டுவந்தால் பாதியாவது திரும்ப எடுத்துக்கொள்வது என்று மொத்த வியாபாரிகள் கூடி ஒரு வழக்கத்தை ஏற்படுத்தலாம். நம் கடைச் சிட்டையில் அந்தப் பழைய வரியோடு இந்த விதிவிலக்கையும் சேர்த்து அச்சடிக்கக் கொடுத்துவிட்டோம்.

அந்தக் கடைக்காரர் வெளிநாட்டு வியாபாரத்தை விட்டுவிடவில்லை. குறியீட்டு எண் வாங்கிவிட்டார். அமெரிக்காவில் உள்ள அந்த அம்மாளுக்குத் தீர்வைக் கணக்கை முன்பே எழுதி அனுப்பினாராம். "கட்டுகிறேன், ஆனால் இந்தத் தடவை ஒரே ஒரு பொம்மை போதும்" என்று பதில் வந்திருக்கிறது. ஒரு செட் போன இடத்தில் ஒரு பொம்மை. அதையும் வாங்க மனம் இருக்கும்போதே வழியைச் சீர்செய்வது அரசின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குவது நம் சங்கத்தின் பொறுப்பு. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.